ஆபரேஷன் அவசரம் இல்லம்மா

எங்கம்மா ஜெபம் பண்ண ஆரம்பிச்சிதுன்னா, பழகினவங்க எல்லாம் முட்டிய மடக்கிப் போட்டு வசதியா உக்காந்துக்குவாங்க. புதுசா வந்தவங்கதான் பாவம், முட்டி போட்டபடியே மாட்டிக்குவாங்க. சித்தூர்ல எங்க சர்ச்சில தமிழ் ஆராதனை காலையில ஏழு மணிக்கு, தெலுங்கு ஆராதனை ஒன்பதரைக்கு. அம்மாவோட ஜெப முறை வந்த ஞாயித்துக்கிழமையில, தெலுங்குக்காரங்க வெளியில வேப்பமரத்தடியில விசிறிக்கினு நிப்பாங்க. அவங்கள்ல ஒருத்தர் கதவுகிட்ட வந்து காது குடுத்துக் கேட்டுட்டு, "அம்மா இன்னும் அமெரிக்காவுலயே கீறாங்க"ன்னு மத்தவங்களுக்குச் சொல்லிட்டுப் போவாரு. அமெரிக்காவுல ஆரம்பிச்சி டெல்லி, விஜயவாடா எல்லா அரசாங்கத்துக்கும் ஜெபம் பண்ணிட்டு, அம்மா சித்தூருக்குள்ள வர இன்னும் பத்து நிமிஷமாவது ஆகும்னு அவருக்குத் தெரியும்.

ஊருக்குள்ள வந்தப்புறம்தான் சுவாரசியம். அம்மா ஆண்டவருக்கு அட்ரஸ் சொல்லும். "கட்டமஞ்சி ஏரிப் பக்கத்துல பச்ச கேட்டு வீட்ல படுத்துக்கினு கீற உம்முடைய பிள்ளைய நினைத்தருளும் சுவாமி. போன வாரம் சுகர் முந்நூத்தி இருபது காட்டுதே சுவாமி." எங்கப்பாவ நைனான்னுதான் கூப்பிடுவேன்; நைனா இருந்த காலத்துல ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டுட்டாரு. "ஏண்டி, ஆண்டவருக்கு இதெல்லாம் தெரியாதா? நீ நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறியே." அம்மா ரசத்த ஊத்திக்கினே சொல்லுச்சி: "அவருக்குத் தெரியும். பக்கத்துல முட்டி போட்டுக்கினு கீறவளுக்குத் தெரிய வேணாமா?"

அதுதான் எங்கம்மா. குடியாத்தத்துல பொறந்து, பத்தொம்பது வயசுல கட்டிக்கினு சித்தூர் வந்து, நாப்பது வருஷத்துக்கு மேல பிளவுஸ் தைச்சிச்சி. சர்ச்சில பாதிப் பொம்பளைங்களோட தோள் அளவு, இடுப்பளவு அம்மாவுக்கு மனப்பாடம். அளவு எடுக்கும்போது மனசுல இருக்கறதும் தானா வந்து விழும். மார்க்கெட்ல தெலுங்கு பேசி பேரம் பண்ணும், தெலுங்கு எழுத்து மட்டும் ஒண்ணு கூடத் தெரியாது. ஒரு சொந்தக் கொள்கையும் வெச்சிருந்துச்சி: வாயால சொன்னாதான் வம்பு, ஜெபத்துல சொன்னா வம்பு ஆகாது. அந்தக் கொள்கையினாலதான் பதினோரு வருஷம் வீணாப் போச்சி.

அம்மா போன வருஷம் தூக்கத்துலயே போயிடுச்சி. நினைவுக் கூட்டத்துல எல்லாரும் சொல்ற மாதிரி நானும் நாலு வார்த்தை சொன்னேன்: நல்ல தாய், ஜெபவீராங்கனை, அப்படி இப்படின்னு. அங்க சொல்லாதத இங்க எழுதறேன். இதுல முக்கியமான இன்னொரு ஆள்கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன். "எழுதிக்கோ, பேரு மட்டும் போடாத"ன்னாங்க. அவங்கள நர்சம்மான்னே சொல்றேன்.

நர்சம்மா ரிட்டையர்ட் நர்சு. பொறந்த வீடு தெலுங்கு, கட்டிக்கினது தமிழ் வீடு. அம்மாவுக்கு மூணு வயசு மூத்தவங்க. அம்மா அவங்கள அக்கான்னு கூப்பிடும், நான் பெரிம்மான்னு கூப்பிடுவேன். ஒரு வயித்துல பொறந்த அக்கா தங்கச்சி கூட அவ்வளவு ஒட்டிக்கினு இருந்து நான் பாத்ததில்ல. ரெண்டு பேரும் ஒண்ணா சர்ச்சுக்குப் போவாங்க, ஒண்ணா மார்க்கெட் போவாங்க, ஒரே துணியில ரெண்டு பேருக்கும் பிளவுஸ். அப்போதான் நர்சம்மாவோட பொண்ணு பெங்களூர்ல புருஷன் வீட்ட விட்டுட்டு ரெண்டு பெட்டியோட திரும்பி வந்துடுச்சி. நர்சம்மா அத அம்மாகிட்ட மட்டும் சொல்லி அழுதாங்க. யாருக்கும் சொல்லாதேன்னு கையடிச்சி சத்தியம் வாங்கிக்கினாங்க.

அம்மா யாருக்கும் சொல்லல. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல ஆண்டவருக்குச் சொல்லுச்சி. சத்தமா, நாப்பது பொம்பளைங்க நடுவுல, கண்ணீரோட. "பெங்களூர்லேருந்து ரெண்டு பெட்டியோட திரும்பி வந்திருக்கிற இந்தப் பிள்ளைய நினைத்தருளும் சுவாமி. அவ மாமியாருடைய கல்லான இருதயத்த உடைத்துப் போடும் சுவாமி." பேரு சொல்லல. எங்க சபையில பெங்களூருக்குக் கட்டிக் குடுத்த பொண்ணு அது ஒண்ணுதான். ரெண்டாவது வரிசையில முட்டி போட்டுக்கினு இருந்த நர்சம்மா எழுந்தாங்க, பைய எடுத்தாங்க, ஆமென் சொல்லாமலே வெளியில போயிட்டாங்க.

தப்பு யாருதுன்னு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஆனா எங்கம்மா ஒத்துக்கணுமே! "நான் ஜெபம்தானே பண்ணேன்? ஜெபம் பண்ணது குத்தமா?"ன்னு ஒரே புடி. நர்சம்மாவும் எறங்கி வரல. சர்ச்சில ரெண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. எடத்த விட்டுக் குடுத்தா தோத்த மாதிரி ஆயிடுமாம், அதனால ரெண்டு பேரும் மாறி உக்காரல. நடுவுல ஒரு ஆள் எடம் விட்டு உக்காந்தாங்க. அந்த நடு எடம் எனக்கு.

எங்க ஆராதனையில திருவிருந்துக்கு முன்னால சமாதானம் குடுக்கற வழக்கம். ஐயர், அதான் எங்க பாதிரியார், ஆல்டர்லேருந்து ஆரம்பிப்பாரு, ரெண்டு கையையும் கோத்துப் புடிச்சி "சமாதானம்"னு பக்கத்துல இருக்கறவங்களுக்குக் குடுக்கணும், அவங்க அடுத்தவங்களுக்குக் குடுக்கணும். அம்மா எனக்குக் குடுக்கும். நான் திரும்பி நர்சம்மாவுக்குக் குடுப்பேன். நான் வேலை கெடச்சி திருப்பதிக்குப் போனப்புறம், சமாதானம் எங்கம்மாகிட்ட வந்து நின்னுபோச்சி. நர்சம்மாவுக்கு அந்தப் பக்க வழியா சுத்திக்கினு வந்து சேரும். இத நான் சொல்லிச் சிரிச்சா அம்மா மூஞ்சத் திருப்பிக்கும்.

இப்படியே பதினோரு வருஷம். அந்தப் பொண்ணு ஹைதராபாத்ல வேலைக்குப் போயி, நல்லா நிமிந்து, காரே வாங்கிடுச்சி. அம்மாங்க ரெண்டு பேரும் மட்டும் அதே பெஞ்சில அதே எடைவெளியில.

அப்போதான் அம்மாவுக்கு வயித்து வலி வந்துச்சி. துன்னா வலி, துன்னாட்டி வலி. நான் திருப்பதிக்குக் கூட்டிக்கினு வந்து ஒரு ஆஸ்பத்திரியில காட்டினேன். ஸ்கேன் எடுத்தாங்க. பித்தப்பையில ஒரு கல்லு. டாக்டரம்மா கடப்பா பக்கத்துக்காரங்க, சின்ன வயசு, தங்கமான மனசு. நானும் அம்மாவும் தமிழ்ல பேசிக்கறதக் கேட்டுட்டு, "நான் வேலூர்ல ரெண்டு வருஷம் இருந்தேன்"ன்னு சொல்லி, அம்மாவுக்காகவே தமிழ்ல ஆரம்பிச்சாங்க. அம்மா கையப் புடிச்சிக்கினு சொன்னாங்க: "பயப்படாதீங்க. ஆபரேஷன் அவசரம் இல்லம்மா. மாத்திரை எழுதித் தரேன். மூணு மாசம் கழிச்சி வாங்க."

வெளியில வந்ததும் அம்மா கேட்டுச்சி: "மூணு மாசத்துல கத்தி வெக்கப் போறாங்க, அப்படித்தானே?"

"அவசரம் இல்லன்னுதானேம்மா சொன்னாங்க."

"அவசரம் இல்ல, நிதானமா வெப்பாங்க."

எனக்கும் அப்படித்தான் பட்டுச்சி. டாக்டரம்மா எழுதின சீட்டப் பாத்தேன். கோழி கிளறின மாதிரி எழுத்து. நானும் கணக்கு டீச்சர்தான், எத்தனையோ பசங்களோட கையெழுத்தப் பாத்தவ, ஒரு வரி புரியல.

அம்மாவுக்கு ஆபரேஷன்னா சாவுன்னு அர்த்தம். நைனா ஆபரேஷன் டேபிள்லேருந்து திரும்பி வரல. அதனால சித்தூர் போய் எறங்கின அன்னிக்கே அம்மா தன் அடக்கத்துக்கு ஏற்பாடு பண்ண ஆரம்பிச்சிடுச்சி. அழுதுக்கினு இல்ல, கல்யாணத்துக்குப் பண்ற மாதிரி சுறுசுறுப்பா. வெள்ளைப் பொடவையில ஊதா பார்டர் போட்டத எடுத்து வெளுத்துப் பெட்டி போட்டு வெச்சிச்சி. பாட்டு நம்பர் மூணு எழுதி பைபிள்ல வெச்சிச்சி. "ஐயர்கிட்ட சொல்லிடு, பிரசங்கம் பத்து நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. வெயில்ல ஜனங்க நிக்கணும்"னுச்சி. யாரு சொல்றாங்க பாருங்க. நீளத்தப் பத்தி எங்கம்மா!

போட்டோ வேற. தெரு முனையில பிளெக்ஸ் போட்டா கல்யாண போட்டோவுல இருக்கற மூஞ்சப் பெருசாக்கிப் போட்டுடுவாங்கன்னு பயந்து, ஸ்டுடியோவுக்கே போச்சி. நானும் கூடப் போனேன். போட்டோக்காரர், "கொஞ்சம் சிரிங்கம்மா"ன்னாரு. அம்மா அவருக்கு வெளக்கம் குடுத்துச்சி: "சிரிச்ச மாதிரியும் இருக்கணும், ரொம்ப சிரிச்ச மாதிரியும் இருக்கக் கூடாது. செத்தவ பல்லக் காட்டிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?" அவரு கேமராவக் கீழ வெச்சிட்டாரு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சி. வெளியில வந்து அம்மாவத் திட்டினேன். திட்டிட்டு அழுதேன். அம்மா முந்தானையால என் மூஞ்சத் தொடைச்சிட்டு, "இன்னும் ஒரு வேலை பாக்கி கீதுடி"ன்னுச்சி.

அந்த ஒரு வேலைதான் எல்லாத்தையும் விடப் பெருசு. நர்சம்மாவோட பேசாம கத்திக்குப் போனா, ஆண்டவர் மூஞ்சில எப்படி முழிக்கறது? பொடவை, பாட்டு, போட்டோ எல்லாம் ஒரு வாரத்துல முடிச்ச எங்கம்மாவுக்கு, மூணு தெரு தள்ளி இருக்கற அந்த வீட்டுக்குப் போக ரெண்டு வாரம் ஆச்சி. போறன்னிக்கி ஒரு கூடை பேனிஷா மாம்பழம் வாங்கி என் தலையில கட்டிச்சி. டாக்டர் பைலையும் எடுத்துக்கிச்சி. "அவளுக்கு டாக்டர் எழுத்து படிக்க வரும். இத காட்டணும்னு வந்தேன்னு ஆரம்பிக்கலாம்." பைலு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

நர்சம்மா கதவத் தெறந்தாங்க. எங்கள ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. "உள்ள வாங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

அம்மா சோபா ஓரத்துல உக்காந்துச்சி, பைய மடியில இறுக்கிப் புடிச்சிக்கினு. பைல காட்டற பேச்சே எடுக்கல. நேரா விஷயத்துக்கு வந்துடுச்சி. "அக்கா, அன்னிக்கி நான் பண்ணது ஜெபம் இல்ல. வம்பு. ஆண்டவர முன்னால நிறுத்திக்கினு ஊருக்கு வம்பு சொன்னேன். எனக்கு அப்பவே தெரியும். ஒத்துக்க வாய் வரல. இப்போ எனக்கு ஆபரேஷன் பண்ணப் போறாங்க. என்ன மன்னிச்சிடு."

பதினோரு வருஷமா எங்கம்மா வாயில வராத வார்த்தை. நான் மாம்பழக் கூடையப் பாத்துக்கினே நின்னேன், நிமிந்தா அழுதுடுவேன்னு. நர்சம்மா உள்ள போயி காபி போட்டுக் கொண்டாந்தாங்க. அம்மா முன்னால வெச்சாங்க. அப்புறம் கை நீட்டி பைல வாங்கி, கண்ணாடி போட்டுக்கினு படிச்சாங்க. ஒரு தடவை படிச்சாங்க, திரும்ப ஒரு தடவை படிச்சாங்க.

"டாக்டர் இன்னா சொன்னாங்க?"

"ஆபரேஷன் அவசரம் இல்ல, மூணு மாசம் கழிச்சி வான்னாங்க."

நர்சம்மா அம்மாவப் பாத்தாங்க. காபி அப்படியே இருந்துச்சி. பைல மூடினாங்க. "ஆமா. அவசரம் இல்ல. மூணு மாசம் நான் பாத்துக்கறேன். மொதல்ல அந்தக் காபியக் குடி."

பாத்துக்கினாங்கன்னா சாதாரணமா இல்ல. எண்ணெய் கூடாது, முட்டையில மஞ்சள் கூடாது, சாயங்காலம் அரை மணி நேரம் நடக்கணும். அம்மா தனியா நடந்தா வழியில நின்னு பேச ஆரம்பிச்சிடும்னு அவங்களே கூட வந்தாங்க. நான் சனிக்கிழமை சித்தூர் வந்தா ரெண்டும் ஜோடியா காந்தி ரோட்டுல எதிர்ல வரும், கை வீசிக்கினு. பதினோரு வருஷத்துப் பேச்சு பாக்கி. பெஞ்சு நடுவுல எனக்கு எடம் இல்லாமப் போச்சி, நான் பின்னால போயி உக்காந்தேன். அம்மாவுக்கு வலியும் கொறைஞ்சிச்சி. ஆனா ராத்திரி தூக்கம் இல்லன்னு எனக்குத் தெரியும். போன்ல பேசும்போது நடுவுல திடீர்னு, "தையல் மிஷின நீ எடுத்துக்கோ"ன்னும். எனக்கு அன்னிக்கிப் பூரா வகுப்புல பசங்க மேல எரிஞ்சி விழற வேலை. சபை மொத்தமும் எங்கம்மா ஆபரேஷனுக்காக உபவாசம் இருந்துச்சி. அம்மா தனக்காகத் தானே சத்தமா ஜெபம் பண்ண கூச்சப்பட்டுச்சி, அதனால ஜெபமெல்லாம் சீக்கிரமா முடிஞ்சிச்சி.

மூணு மாசம் ஆச்சி. நர்சம்மாவக் கூட வரச் சொன்னோம். முட்டி வலின்னாங்க. அம்மாவும் நானும் திருப்பதி போனோம். அம்மா ஒரு பை நெறைய அடைச்சிக்கினு வந்துச்சி: துண்டு, டம்ளர், பிளாஸ்க், மாத்துப் பொடவை, பைபிள். அதே டாக்டரம்மா புது ஸ்கேனப் பாத்துட்டு, பையப் பாத்தாங்க.

"எந்த ஊருக்குப் போறீங்கம்மா?"

"அட்மிட் ஆக வந்தேன்."

"எதுக்கு? ஆபரேஷன் அவசரம் இல்லன்னு அன்னிக்கே சொன்னேனே."

"அன்னிக்கி அவசரம் இல்ல. இன்னிக்கி?"

"இன்னிக்கும் அவசரம் இல்ல."

"அப்போ எப்போம்மா அவசரம்?"

"அவசரமே இல்லம்மா!" டாக்டரம்மாவுக்கு இந்தக் கெழவிக்கு எப்படி சொல்லிப் புரிய வெக்கறதுன்னு தெரியல. அப்போதான் எனக்குப் பொறி தட்டிச்சி. நான் நாள் பூரா ஸ்கூல்ல தெலுங்குல பொழப்பு நடத்தறவ. தெலுங்குல அவசரம்னா வேகம் இல்ல, தேவைன்னு அர்த்தம். அவசரம் லேதுன்னா வேண்டியதே இல்லன்னு அர்த்தம். அந்தப் புண்ணியவதி தெலுங்குலயே சொல்லியிருந்தா எனக்கு அந்த நிமிஷமே புரிஞ்சிருக்கும். எங்களுக்காகப் பெரிய மனசு பண்ணி தமிழ்ல பேசினாங்க, அந்த ஒரு வார்த்தைய மட்டும் அவங்க ஊர்லேருந்து கொண்டாந்துட்டாங்க. நாங்களும் தமிழ்க் காதால கேட்டுட்டோம். "ஆபரேஷன் அக்கரலேதா மேடம்?"னு கேட்டேன், வேண்டியதே இல்லையான்னு. "அதத்தானே சொல்லிக்கினே கீறேன்"னாங்க. கல்லு சின்னது, அது பாட்டுக்கு இருக்கட்டும், தொந்தரவு பண்ணாத வரைக்கும் நாமளும் அதத் தொந்தரவு பண்ண வேணாம்னு பொறுமையா சொன்னாங்க.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அம்மாவே பையத் தூக்கிக்கினு வந்துச்சி. பஸ்ல ஜன்னல் ஓரமா உக்காந்து, சந்திரகிரி தாண்டினதும் சிரிக்க ஆரம்பிச்சிச்சி. பை குலுங்குது, பிளாஸ்க் குலுங்குது, அம்மாவும் குலுங்குது. "அடிப் பாவி! நான் வீணா சமாதானம் ஆயிட்டேனே!" நானும் சிரிச்சேன், கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பாத்தாரு.

பூதலப்பட்டு வர்றதுக்குள்ள அம்மா சிரிப்பு நின்னுபோச்சி. "ஏண்டி. அவளுக்கு டாக்டர் எழுத்து படிக்க வருமே."

ஆமா. ரெண்டு தடவை படிச்சாங்களே. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிச்சி. மூணு மாசம். தூக்கம் இல்லாம, தையல் மிஷின எனக்குன்னு பங்கு பிரிச்சிக்கினு, பிளெக்ஸு போட்டோவப் பாத்துக்கினு எங்கம்மா இருந்துச்சி. ஒரே வார்த்தையில நிறுத்தியிருக்கலாம். எறங்கின உடனே போயி நாலு கேள்வி கேக்கணும்னு நான் பல்லக் கடிச்சிக்கினு உக்காந்தேன். அதே சமயத்துல பயமும் வந்துச்சி. மறுபடியும் பதினோரு வருஷமா? இந்த வயசுல ரெண்டு பேருக்கும் அவ்வளவு வருஷம் எங்க கீது?

அம்மா வீட்டுக்குப் போகல. பையோட நேரா நர்சம்மா வீட்டுக்குத்தான் போச்சி. அவங்க தரையில உக்காந்து கீரை ஆஞ்சிக்கினு இருந்தாங்க.

"அக்கா, ஒனக்குத் தெரியுமா?"

நர்சம்மா நிமிரல. "தெரியும்."

"எப்போலேருந்து?"

"மாம்பழத்தோட வந்தியே, அன்னியிலேருந்து."

நான் கத்திட்டேன். "மூணு மாசம் பெரிம்மா! எங்கம்மா சாவு போட்டோ எடுத்து வெச்சிருக்குது. உங்களுக்கு மனசு வந்துச்சா?"

"நீ சும்மா இருடி"ன்னுச்சி அம்மா.

நர்சம்மா கீரைக் கட்டக் கீழ வெச்சாங்க. "திட்டட்டும், விடு. திட்டறதுல ஞாயம் கீது." அப்புறம் அம்மாவப் பாத்து சொன்னாங்க. "அன்னிக்கி நீ பைய மடியிலேருந்து எறக்கவே இல்ல. மன்னிப்பு கேட்டாச்சி, கெளம்பலாம்னு உக்காந்திருந்த. உனக்கு ஒண்ணும் இல்லன்னு நான் சொல்லியிருந்தா, ஸ்தோத்திரம்னுட்டு எழுந்து போயிருப்ப. போனா அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடியும் பழையபடி ஆயிடுவியோன்னு பயமா இருந்துச்சி. ஒரு வாரம் போகட்டும், சொல்லிடலாம்னு நெனச்சேன். அப்புறம் இன்னொரு வாரம். நாள் போகப் போக எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தப்புதான். பெரிய தப்பு." கண்ணாடியக் கழட்டி முந்தானையில தொடைச்சாங்க. தொடைச்சிக்கினே இருந்தாங்க.

எங்கம்மா பையக் கீழ வெச்சிட்டு, முட்டிய ஒரு கையால அழுத்திக்கினு தரையில உக்காந்துச்சி. கீரையில பாதிய தன் பக்கம் இழுத்துக்கிச்சி.

"நான் சொல்லக் கூடாதத நாப்பது பேருக்குச் சொன்னேன். நீ சொல்ல வேண்டியத ஒருத்திக்குச் சொல்லல. நாப்பது எங்க, ஒண்ணு எங்க? பாக்கப் போனா நீ கொஞ்சம் நல்லவதான் போ."

நர்சம்மா அழுதுக்கினே சிரிச்சாங்க. எனக்குக் கோபம் போகல. நான் வாசப்படியில உக்காந்துக்கினு ரெண்டு பேருக்கும் மூஞ்சக் காட்டாம இருந்தேன். என்னை யாரும் சமாதானம் பண்ணவும் இல்ல. உள்ள கீரை ஆஞ்சிக்கினே டாக்டரம்மாவோட தமிழப் பத்திச் சிரிச்சிக்கினு இருந்தாங்க. அந்தக் கோபம் எனக்குக் கொஞ்ச நாள் இருந்துச்சி, அப்புறம் அதுவே போயிடுச்சி.

ஆனா ஒரு சங்கடம் பாக்கி இருந்துச்சி. சபைக்கு விஷயம் எப்படியோ எட்டிடுச்சி, அதுவும் பாதிதான் எட்டிச்சி. ஆபரேஷனுக்குப் போன அம்மா ஆபரேஷன் இல்லாமலே வீடு திரும்பிச்சி. அப்போ கல்லு கரைஞ்சிடுச்சின்னுதானே அர்த்தம்? அற்புதம்னு முடிவே பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லணும்னு ஐயர் வீட்டுக்கே வந்து கேட்டுட்டுப் போனாரு. சாட்சின்னா எங்க சர்ச்சில எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு, நடந்ததை நடந்தபடி சொல்றது.

நடந்ததை நடந்தபடி சொன்னா நர்சம்மா கதை என்ன ஆகும்? மூணு மாசம் தெரிஞ்சிக்கினே மறைச்சாங்கன்னு சபை மொத்தமும் பேசும். சொல்லாம விட்டா எங்கம்மாவால முடியுமா? ஒரு சுகர் நம்பரக் கூட உள்ள வெச்சிக்க முடியாத வாய். சனிக்கிழமை சாயங்காலம் நர்சம்மா நடக்க வந்தப்போ எதுவும் கேக்கல. அம்மாவும் எதுவும் சொல்லல. ஞாயித்துக்கிழமை காலையில நர்சம்மா மொகம் வெளுத்துப் போயிருந்துச்சி. ஓடிப் போயிடலாமான்னு இருந்துச்சின்னு பிற்பாடு சொன்னாங்க. ஆனா வந்தாங்க, அம்மா பக்கத்துல உக்காந்தாங்க.

ஐயர் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. அம்மா எழுந்துச்சி. பழகினவங்க எல்லாம் வசதியா உக்காந்துக்கினாங்க, அரை மணி நேரம் ஆகும்னு.

"டாக்டரம்மா சரியாத்தான் சொன்னாங்க. அவங்க தமிழ நான்தான் தப்பா கேட்டுக்கினேன். எனக்கு ஆபரேஷன் எப்பவுமே தேவப்படல. கல்லு அப்படியேதான் கீது, ஒரு துளி கூடக் கரையல. அதனால அற்புதம்னு யாரும் சொல்லிக்கினு திரிய வேணாம்." சர்ச்சே சிரிச்சிச்சி. அம்மா சிரிக்கல. "ஆனா இந்த மூணு மாசத்துல எனக்கு வேற ஒரு சுகம் கெடச்சிது. ரொம்ப நாளா இருந்த வியாதி அது. நானே வரவழைச்சிக்கின வியாதி."

பெஞ்சுல இருந்த பொம்பளைங்க எல்லாம் முன்னால சாஞ்சாங்க. இப்போ வரும், அட்ரஸோட வரும்னு அவங்களுக்குத் தெரியும். நர்சம்மா பாட்டுப் புஸ்தகத்தப் பாத்துக்கினே இருந்தாங்க. அம்மா ஒரு தடவை வாயத் தெறந்து மூடிச்சி. எனக்குத் தெரிஞ்சி எங்கம்மா ஒரு சேதிய வாய் வரைக்கும் கொண்டாந்து திரும்ப முழுங்கினது அது ஒரு தடவைதான்.

"அது இன்னான்னு ஆண்டவருக்குத் தெரியும். உங்களுக்கு வேணாம்."

சொல்லிட்டு உக்காந்துடுச்சி. மொத்தம் ஒரு நிமிஷம் கூட ஆகல. ஐயர் பேந்தப் பேந்த முழிச்சிட்டு அடுத்த பாட்டு நம்பரச் சொன்னாரு. எனக்கு எங்கம்மாவ ஓடிப் போயிக் கட்டிப் புடிச்சிக்கணும் போல இருந்துச்சி. பின்னாலேருந்து பாத்தேன். அம்மா பாட்டுப் புஸ்தகத்தத் தெறந்து புடிச்சிக்கினு இருந்துச்சி, பாட மட்டும் இல்ல. நர்சம்மா தன் புஸ்தகத்த மூடி வெச்சிட்டு, அம்மா புஸ்தகத்தோட இன்னொரு பக்கத்தப் புடிச்சிக்கினு பாட ஆரம்பிச்சாங்க.